கிணற்றில் போட்ட கல்: சமூகப் பணியில் நான் கற்றவை

2005 பெப்ரவரி. சுனாமி அடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. திருகோணமலையின் இறக்கக்கண்டிக் கரையில் உடைந்த தோணிகள் அப்படியே கிடந்தன. உயர்தரம் எழுதி முடித்து வீட்டில் இருந்த எனக்கு ஒரு நிவாரண நிறுவனம் வேலை தந்தது. கழுத்தில் ஓர் அடையாள அட்டை, கையில் ஒரு படிவக் கட்டு. முகாமில் கொட்டில் கொட்டிலாகப் போய்க் குடும்ப விபரம் எழுத வேண்டும். பயிற்சி என்று அரை நாள் நடந்தது. படிவத்தை எப்படி நிரப்புவது என்பதைத் தவிர வேறெதுவும் அதில் சொல்லித்தரவில்லை.

ஒரு கொட்டிலில் நடுத்தர வயதுப் பெண்ணொருவர் இருந்தார். படிவத்தின் கடைசிக் கேள்வி, "வேறு பிரச்சினைகள் உண்டா?" என்பது. அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தோணி போனதிலிருந்து கணவர் அடிக்கிறார் என்றார். முந்தானையை விலக்கி முழங்கைக்கு மேலே இருந்த கண்டலைக் காட்டினார். நான் அப்படியே எழுதிக்கொண்டேன். அன்று பின்னேரம் முகாம் குழுக் கூட்டத்தில் அவருக்குத் தனியாக ஓர் இடம் கேட்டு, எழுதியதை எல்லார் முன்னாலும் வாசித்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விடியத் தண்ணீர் வரிசையில் ஊர் முழுக்க அதே கதை. அன்றிரவு அவருக்குத் திரும்பவும் அடி விழுந்தது.

இரண்டு நாள் கழித்து என்னைத் தேடி வந்தார். சண்டை பிடிக்கவில்லை. "உங்களிட்டச் சொன்னாக் கிணத்துக்க போட்ட கல்லு மாதிரிக் கிடக்கும் எண்டு நெனச்சன் மகள். இப்ப இத நான் ஆரிட்டப் போய்ச் சொல்ற?" என்று கேட்டார்.

கணவரைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்றுதான் கேட்கிறார் என அப்போது நினைத்தேன். அவர் கேட்டது என்னைப் பற்றி என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. ஊரில் மருத்துவிச்சி பிழைவிட்டால் முறையிட இடம் இருக்கிறது. அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவர். சட்டத்தரணி பிழைவிட்டால் உயர் நீதிமன்றம் வரை போகலாம். வீட்டுக்குள்ளே வந்து, ஒருவருடைய வாழ்க்கையின் ஆக மறைவான பக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போகும் சமூகப் பணியாளர் பிழைவிட்டால் யாரிடம் போவது?

அந்தக் கேள்வியோடு இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது சமூகப் பணிக்கு வர விரும்பும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். "அக்கா, இந்தப் படிப்புக்கு வேலை இருக்கா? வெளிநாட்டுக்குப் போகலாமா? எங்க பதிவு செய்றது?" என்று கேட்கிறார்கள். தெரிந்ததையும் பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

சேவை வேறு, பணி வேறு

முதலில் இந்த இரண்டு சொல்லையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். நம் ஊர்களில் எல்லாமே "சமூக சேவை"தான். கோயிலில் அன்னதானம் கொடுப்பதும் பள்ளிவாசலில் உலர்உணவு பங்கிடுவதும் சேவை. அவை வேண்டும், என்றைக்கும் வேண்டும். சமூகப் பணி என்பது படித்துச் செய்யும் தொழில். அதற்கு முறை இருக்கிறது, ஒழுக்கக் கோவை இருக்கிறது, செய்ததற்கும் செய்யாததற்கும் பதில் சொல்லும் கடமை இருக்கிறது. உலக அளவில் இதற்கு ஒரு வரைவிலக்கணமும் உண்டு. சர்வதேச சமூகப் பணியாளர் சம்மேளனம் 2014இல் மெல்பேர்னில் அதை ஏற்றுக்கொண்டது. சமூக நீதி, மனித உரிமை, கூட்டுப் பொறுப்பு, வேறுபாடுகளை மதித்தல் ஆகிய நான்கும் அதன் அடித்தளம்.

கேட்க இது பெரிய பேச்சாகத் தெரியும். ஊர்க் கதையாகச் சொன்னால் சின்ன விசயம். ஒரு பையன் பாடசாலைக்கு வருவதில்லை. அவனுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தால் அது சேவை. நானும் ஒரு பையனுக்கு அப்படிக் கொடுத்தேன். பிறகும் அவன் பாடசாலைக்குப் போகவில்லை. ஒரு நாள் விடியப்புறம் கரைக்குப் போய்ப் பார்த்தேன். பெரியவர்களோடு நின்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தான். தகப்பனின் இயந்திரம் பழுதாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வரும் கறிமீன் பையனின் பங்கு. தகப்பனோடு பேசி, மீனவர் சங்கத்தில் இயந்திரம் திருத்த ஒரு வழி பார்த்து, வகுப்பாசிரியரோடு பேசி, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவித்தேன். நாலு மாதம் பிடித்தது. அந்த நாலு மாத வேலைக்குப் பெயர்தான் சமூகப் பணி.

சொல்லிலும் கவனம் வேண்டும். நம் பகுதியில் அரசாங்கம் கொடுக்கும் மாதாந்த உதவிப் பணத்தை இன்னும் "பிச்சைச் சம்பளம்" என்றே சொல்கிறார்கள். வாங்குகிறவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். நான் எங்கேயும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "உங்கட மாதக் கொடுப்பனவு வந்திட்டா அம்மா?" என்றே கேட்பேன். அது பிச்சையல்ல, அவருடைய உரிமை. இதை ஒருவரின் மனதில் ஏற்றுவதற்கே சில வேளை ஒரு வருடம் போகும்.

இலங்கையில் பதிவு: இருப்பதும் இல்லாததும்

பிள்ளைகள் அதிகம் குழம்பும் இடம் இது. மருத்துவர், தாதியர் போலச் சட்டப்படி பதிவு எண் பெற்றால்தான் சமூகப் பணியாளராக வேலை செய்யலாம் என்ற கட்டாயம், நான் வேலை செய்த இத்தனை வருடத்தில் இலங்கையில் இருந்ததில்லை. இலங்கைத் தொழில்சார் சமூகப் பணியாளர் சங்கம் இருக்கிறது. அதில் தகைமையோடு அங்கத்தவராகச் சேரலாம், சேரவும் வேண்டும். ஆனால் அங்கத்துவம் வேறு, உரிமம் வேறு. சமூகப் பணிக்கென ஒரு சட்டபூர்வமான சபை வேண்டும் என்பது இந்தத் துறையின் நெடுநாள் கோரிக்கை.

இந்தியாவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. மும்பையில் இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று அறியப்படும் கல்விக்கூடம் 1936இல் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார். இத்தனை பழமை இருந்தும் நாடு முழுவதற்குமான கட்டாயப் பதிவு அங்கேயும் இல்லை. தமிழ்நாட்டில் சமூகப் பணி முதுமாணி (எம்.எஸ்.டபிள்யூ.) படிக்க நினைக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கட்டாயப் பதிவு இல்லாததால் வேலைக்குள் நுழைவது சுலபம். தீமையும் அங்கிருந்தே வருகிறது. அரை நாள் பயிற்சியோடு கொட்டிலுக்குள் போன என்னை யாரும் தடுக்கவில்லை.

படிப்பு: எதை, எந்த வரிசையில்

சென்னைக் கல்லூரி தொடங்கிய அதே 1952இல்தான் கொழும்பில் இலங்கைச் சமூகப் பணி நிறுவனமும் தொடங்கியது. பிறகு அது அரசின் கைக்கு வந்தது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனமானது. இன்று சீதுவையில் இயங்குகிறது. சமூகப் பணி டிப்ளோமா, இளமாணி, முதுமாணி மூன்றும் அங்கே உண்டு. இளமாணிப் பட்டம் சுனாமிக்கு அடுத்த காலத்தில், 2005இல் வந்தது. முதுமாணி 2008இல் வந்தது. சுனாமிதான் இந்த நாட்டுக்குப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் எவ்வளவு குறைவு என்று காட்டியது. நானே அதற்குச் சாட்சி.

நான் டிப்ளோமாவைத் தமிழ் மொழியில் படித்தேன். அதற்கு முன் ஆறு வருடம் வெளிக்களத்தில் நின்றவள் நான். வகுப்பில் இரகசியம் பேணல் பற்றிய பாடம் நடந்த அன்று, அந்தக் கொட்டில் பெண்ணின் முகம் கண்முன் வந்து நின்றது. ஆசிரியரிடம் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "இனி ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வந்த அன்றே எழுதி வையுங்கோ. என்ன கேட்டீங்கள், அவர் என்ன சொன்னார், நீங்கள் ஏன் அப்படிச் செய்தீங்கள், யாருக்குச் சொன்னீங்கள், ஏன் சொன்னீங்கள்" என்றார். கடைசி இரண்டு கேள்விகளும் என் வேலையையே மாற்றின.

படிப்பில் நான் கண்டவை இவை.

முதலாவது, டிப்ளோமா ஊரில் வேலை செய்ய நல்ல அடித்தளம். வெளிநாட்டுப் பதிவுக்கு அது பெரும்பாலும் போதாது. அந்த எண்ணம் மனதில் இருந்தால் இளமாணிப் பட்டத்தைக் குறிவையுங்கள்.

இரண்டாவது, சமூகவியல், உளவியல் பட்டங்கள் நல்ல பட்டங்கள்தான். ஆனாலும் அவை சமூகப் பணிப் பட்டம் ஆகா. மேற்பார்வையோடு கூடிய கள நடைமுறைப் பயிற்சி பாடத்திட்டத்துக்குள் இருக்கிறதா, எத்தனை மணித்தியாலம் என்று சேருவதற்கு முன்னரே கேளுங்கள். சேரும் இடத்தில் இதைக் கேட்டு எழுத்தில் வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, மொழி. நம் பிரதேசத்தில் ஒரே நாளில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் மூன்றையும் சந்திக்க வேண்டிவரும். அரச சேவையில் சேருகிறவருக்கு இது சட்டத் தேவையும்கூட. 2007 ஜூலை 1க்குப் பிறகு நியமனம் பெறுகிறவர்கள் ஐந்து ஆண்டுக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை 07/2007 சொன்னது. சிங்களத்தைப் பயத்தால் தள்ளிப்போட்டவர்கள் சம்பள உயர்ச்சி தடைப்பட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தை அறிக்கை எழுதும் அளவுக்கு வளர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனங்களில் பதவி உயர்வு அறிக்கையிலேயே தொங்குகிறது.

வேலை எங்கே இருக்கிறது

"சமூகப் பணியாளர்" என்ற பெயரிலேயே வேலை தேடினால் நம் நாட்டில் சிலதுதான் அகப்படும். வேலை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது. பிரதேச செயலகம் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர் என்று மேசைகள் வரிசையாக இருக்கும். மாகாண சபையின் கீழ் நன்னடத்தை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றத்துக்கு வரும் சிறுவர் தொடர்பான அறிக்கைகள் அவர்கள் கையில். 1998இல் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் மாவட்ட மட்டத்தில் உத்தியோகத்தர்கள் உண்டு. வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவிலும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான நட்பு நிலையத்திலும் இந்தத் தொழிலுக்கு இடம் இருக்கிறது. சிறுவர் இல்லங்கள், முதியோர் இல்லங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான நிலையங்கள், போதைப்பொருள் புனர்வாழ்வு, அரச சார்பற்ற நிறுவனங்கள் என்று பட்டியல் நீளும்.

இந்தப் பதவிகள் பலவற்றுக்குச் சமூகப் பணிப் பட்டம்தான் வேண்டும் என்று இல்லை. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராக வந்து அதே மேசையில் இருப்பார்கள். இது நம் துறையின் பெரிய மனக்குறை. வெறும் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் வர்த்தமானியை ஒழுங்காகப் பாருங்கள். அது வெள்ளிக்கிழமைகளில் வரும். விளம்பரத்தில் பதவியின் பெயரோடு நிற்காமல் கல்வித் தகைமைப் பந்தியை ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள். "சமூகப் பணி டிப்ளோமா" என்ற சொல் சில இடங்களில் மேலதிகத் தகைமையாக உள்ளே கிடக்கும். போட்டிப் பரீட்சை என்றால் நுண்ணறிவு, பொது அறிவு இரண்டுக்கும் பழைய வினாத்தாள் செய்து பழகுங்கள். வயதெல்லையைத் தவறவிட்டு அழுதவர்கள் பலர்.

நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர் சட்டம் தெரிந்து போக வேண்டும். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஆகிய நான்கும் கைவிரலில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன சட்டம் வந்த ஆண்டைக் கவனியுங்கள். அந்தப் பெண் என் முன்னால் முந்தானையை விலக்கிய அதே ஆண்டு. பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று இன்று ஒரு பெண்ணிடம் என்னால் சொல்ல முடிகிறது. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையும் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தையும் சொல்ல முடிகிறது. அன்று என்னிடம் படிவம் மட்டும்தான் இருந்தது.

நிறுவன வேலை பற்றியும் ஒரு சொல். சுனாமிக்குப் பிறகு நம் கரையில் வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் நிறைந்திருந்தன. திட்டம் முடிய ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஒப்பந்த வேலை கிடைத்தால் செய்யுங்கள், அனுபவம் பெரிது. ஆனால் ஒப்பந்தம் தொடங்கும் நாளிலேயே முடியும் நாளையும் எழுதி வைத்து, இடைப்பட்ட காலத்தில் ஒரு படிப்பை முடித்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் கதவுகள்

2016இல் மெல்பேர்னில் இருந்த சிநேகிதி சொல்லி நானும் முயன்றேன். அப்போது படித்ததையும் பிறகு மற்றவர்களுக்காகத் தேடிப் பார்த்ததையும் சுருக்கித் தருகிறேன். விதிகள் மாறும். பணம் கட்டும் முன் அந்தந்தச் சபையின் சொந்தத் தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள்.

இங்கிலாந்தில் சமூகப் பணியாளர் என்ற பெயரைப் பதிவு இல்லாமல் பாவிப்பது சட்டவிரோதம். 2019 டிசம்பரிலிருந்து சோஷல் வேர்க் இங்கிலாந்து என்ற அமைப்பு பதிவேட்டை வைத்திருக்கிறது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி அமைப்புகள். வெளிநாட்டில் படித்தவர் தன் படிப்பும் கள நடைமுறையும் அவர்களுடைய தரத்துக்கு ஈடானவை என்று காட்ட வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் குடிவரவுக்கு அவுஸ்திரேலிய சமூகப் பணியாளர் சங்கம் தகைமையை மதிப்பிடுகிறது. அங்கே படிக்கும் மாணவர் குறைந்தது 1000 மணித்தியாலம் களப் பயிற்சி செய்கிறார். உங்கள் படிப்பும் அந்தக் கண்ணால்தான் பார்க்கப்படும். ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். அக்கடமிக்கில் நான்கு பகுதியிலும் 7 கேட்பார்கள். நாடு முழுவதற்கும் சட்டப்பதிவு அங்கே இல்லை. தெற்கு அவுஸ்திரேலியா மட்டும் 2021இல் சட்டம் இயற்றி, 2025 ஜூலையில் பதிவைத் தொடங்கியது.

நியூசிலாந்தில் 2021 பெப்ரவரி 27 முதல் பதிவு கட்டாயம். கனடாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனி ஒழுங்குபடுத்தும் சபை. பல மாகாணங்களில் அந்தச் சபையைக் கல்லூரி என்றே சொல்வார்கள். நம் ஆட்கள் அதிகம் இருக்கும் ஒன்டாரியோவில் சமூகப் பணியாளர், சமூக சேவைப் பணியாளர் இருவருக்கும் ஒரே கல்லூரி, ஆனால் தனித்தனித் தகுதி. நேரே சமூகப் பணியாளராக முடியாதவர் இரண்டாவது வழியால் உள்ளே போய்ப் பிறகு மேலே படிப்பது உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. பராமரிப்பாளர் வேலையையும் சமூகப் பணியாளர் வேலையையும் ஒன்றாக்கிப் பணம் பறிக்கும் முகவர்கள் இருக்கிறார்கள். முதியவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிப் பார்த்துக்கொள்வது மதிப்புள்ள வேலை. ஆனால் அது வேறு தொழில், வேறு விசா, வேறு சம்பளம். பிரித்தானியா பராமரிப்பாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் "லண்டனுக்குக் கெயார் விசா" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். முகவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989க்கு அழைத்துக் கேளுங்கள். நகையை அடகு வைக்கும் முன் அந்த ஓர் அழைப்பை எடுத்துவிடுங்கள்.

றங்குப் பெட்டி சொல்லித்தந்தது

என் முயற்சி ஏன் நின்றது என்று சொல்கிறேன். டிப்ளோமாவின் அளவு போதவில்லை என்பது ஒரு காரணம். மற்றது என் றங்குப் பெட்டிக்குள் இருந்தது. 2005இலிருந்து செய்த வேலைகளின் நியமனக் கடிதங்களையும் சேவைச் சான்றிதழ்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அதில் வைத்திருந்தேன். திறந்து பார்த்தால் உப்புக்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து கடதாசியை உறையோடு ஒட்ட வைத்திருந்தன. ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்து மூலையைத் தின்றிருந்தது. உரித்தெடுக்கக் கடதாசி வந்தது, எழுத்து உறையிலேயே நின்றுவிட்டது. திரும்ப எடுக்கலாம் என்றால் அந்த நிறுவனம் நாட்டில் இல்லை. கையெழுத்து வைத்தவர் எந்த நாட்டில் என்றே தெரியவில்லை. ஆறு வருட உழைப்பை என்னால் ஒரு தாளில்கூடக் காட்ட முடியவில்லை.

அதே பெட்டியில் ஒரே ஒரு பொருள் உருப்படியாக இருந்தது. டிப்ளோமாக் காலத்தில் எழுதிய சி.ஆர். கொப்பி. கட்டி அட்டை, தைத்த நடு. திகதி, போன நேரம், வந்த நேரம், செய்த வேலை, பக்கத்தின் அடியில் மேற்பார்வையாளரின் கையெழுத்து. ஆசிரியர் சொன்னதற்காக எழுதிய கொப்பிதான் என் தொழில் வாழ்க்கையில் மிஞ்சிய சாட்சி.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள்.

களப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே ஒரு சி.ஆர். கொப்பி வையுங்கள். மணித்தியாலத்தைக் கூட்டி ஒவ்வொரு மாத முடிவிலும் மேற்பார்வையாளரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அதில் மக்களின் பெயரை எழுதாதீர்கள். இலக்கம் போதும்.

வேலையை விட்டுப் போகும் நாளில் சேவைச் சான்றிதழ் கேளுங்கள். "இன்னார் இங்கே வேலை செய்தார்" என்ற ஒற்றை வரி போதாது. பதவி, திகதிகள், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், செய்த கடமைகள், மேற்பார்த்தவரின் தகைமை எல்லாம் அதில் வர வேண்டும். நிறுவனம் மூடப்படும் வரை காத்திருக்காதீர்கள்.

படித்த இடத்தில் பாடவிதானத்தையும் புள்ளி விபரத்தையும் அப்போதே ஒரு பிரதி வாங்குங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் பாடவிதானம் மாறியிருக்கும்.

உங்கள் பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பட்டச் சான்றிதழில் மூன்றாவது என்று இருப்பது நமக்கு வழமை. தகப்பன் பெயர் முன்னால் முதலெழுத்தாக வருவது வெளிநாட்டுக் கண்ணுக்குப் புரியாது. சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துவிடுங்கள். தமிழ்ச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி, ஊருக்கு வெளியே உறவினர் வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். கடற்கரையில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004இல் அடையாள அட்டையே இல்லாமல் வரிசையில் நின்றவர்கள் நாங்கள்.

நான் வெளிநாடு போகவில்லை. அதில் எனக்குக் கவலையும் இல்லை. நிலாவெளியிலிருந்து புல்மோட்டைப் பக்கம் வரை எனக்குத் தெரியாத ஒழுங்கை இல்லை. போகிறவர்களைத் தடுப்பதும் இல்லை. தங்கள் காகிதங்களோடு தலைநிமிர்ந்து போகட்டும்.

அந்தக் கேள்விக்கு வருகிறேன்

பதிவு என்று பேச வரும் பிள்ளைகள் எல்லாரும் அதைத் தங்கள் முன்னேற்றத்துக்கான படியாகவே பார்க்கிறார்கள். நானும் 2016இல் அப்படித்தான் பார்த்தேன். பிறகு பல நாடுகளின் பதிவேடுகளைத் திறந்து பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். அங்கே யாரும் தன் வீட்டுக்கு வரும் சமூகப் பணியாளரின் பெயரைப் போட்டுத் தேடலாம். அவர் பதிவில் இருக்கிறாரா, அவர்மேல் நடவடிக்கை உண்டா என்று பார்க்கலாம். முறைப்பாடு எழுத ஓர் இடம் இருக்கிறது. "இப்ப இத நான் ஆரிட்டப் போய்ச் சொல்ற?" என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தில் பதில் இருந்தது.

அந்தப் பதில் நம் பெண்களுக்கும் வேண்டும். இலங்கையில் சமூகப் பணிக்குச் சட்டபூர்வமான சபை வர வேண்டும் என்று நான் கேட்பது எங்கள் சம்பளத்துக்காக அல்ல. நாங்கள் பிழைவிட்டால் எங்களை நிறுத்திக் கேட்க இறக்கக்கண்டியில் இருக்கும் ஒரு தாய்க்கு ஓர் இடம் வேண்டும். இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் சங்கத்தில் சேர்ந்து, இதை விடாமல் கேட்க வேண்டும்.

அது வரும் வரை உங்களை நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், என்மேல் குறை இருந்தால் இன்னாரிடம் சொல்லலாம் என்று உங்கள் மேலதிகாரியின் இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். நான் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்கிறேன். பிறகுதான் கேள்வி கேட்கிறேன். கேட்டதை யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தால் அவரிடமே அனுமதி கேட்கிறேன். ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாளை காலை திருகோணமலை ரவுணுக்குப் போனால் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி வாருங்கள். முதல் பக்கத்தில் திகதியைப் போடுங்கள்.